எனக்கு முன்னாடி இறங்கிப் போனவ

நான் ரத்தம் எடுக்குற ஆளுங்க. அரியலூர்ல ஒரு தனியார் லேப்ல வேல. பேய் புடிச்சிருக்குன்னு நெத்தி நெறைய துன்னூரோட கூட்டிட்டு வர்ற பொண்ணுங்கள எவ்வளவோ பாத்திருக்கேன், ஒண்ணு ரத்தம் கம்மியா இருக்கும், இல்லன்னா தைராய்டு எக்குத்தப்பா ஏறிக் கெடக்கும், ஒரு புள்ளைக்கு டைபாய்டு காய்ச்சல், அதுக்குப் போயி உடுக்கை அடிச்சு நேரத்தப் போக்கிட்டுக் கடைசில எங்ககிட்ட தூக்கிட்டு வந்தாங்க. எங்க வூட்டுல யாராச்சும் முனி, மோகினின்னு பேச்செடுத்தா நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன், பயத்துல இல்ல, சலிப்புல. அதனால இப்ப நான் சொல்றதக் கேட்டுட்டு நீங்க மனசுக்குள்ள சிரிச்சாலும் எனக்கு வருத்தமில்ல, உங்க எடத்துல இருந்தா நானும் அதத்தான் செய்வேன். ஆனா நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல.

மொதல்ல ஜெயந்தியப் பத்திச் சொல்லணும், அவ இல்லாம இது புரியாது. ஜெயங்கொண்டத்துல நானும் அவளும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எங்க அடுப்படி வரைக்கும் கேக்காம வந்து சோத்துப் பானையத் திறந்து பாக்குற உரிமை அவளுக்கு மட்டுந்தான் இருந்துச்சு. என் தங்கச்சி கலா பத்தாவது படிக்கறப்ப அவளுக்கு வலிப்பு வந்துச்சு, திருச்சில பெரிய ஆஸ்பத்திரில வச்சிருந்தோம், அப்ப எங்கம்மா கூட முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நானில்ல, ஜெயந்திதான், எனக்குப் பரீட்ச நடந்துட்டிருந்துச்சு. கலா சில வருஷம் மாத்திர சாப்ட்டா, அப்புறம் டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாரு, அதுக்கப்புறம் இன்னிய வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் வந்ததில்ல.

பின்னாடி ஜெயந்திய வேப்பந்தட்டையில கட்டிக்குடுத்தாங்க, என்னை அரியலூர்ல. கலாவுக்கு ஒரு எடம் வந்துச்சு, அதுவும் வேப்பந்தட்டைதான், ஜெயந்தி வூட்டுலேருந்து கூப்புடு தூரம். பையன் நல்ல பையன், ரெண்டு பேரும் போன்ல பேச ஆரம்பிச்சிட்டாங்க, கலா மூஞ்சில அப்ப இருந்த வெளிச்சத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. பூ வச்சிட்டுப் போனாங்க, மண்டபமும் பேசியாச்சு. திடீர்னு ஒருநாள் தரகர் போன் பண்ணி, பொண்ணுக்கு வலிப்பாமே, மறைச்சிட்டீங்களாமேன்னு கேட்டாரு. எப்பவோ இருந்துச்சு, இப்ப இல்ல, டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்கன்னு சொல்லிப் பாத்தோம், யாரு காது குடுக்குறா. அத்தோட முடிஞ்சுபோச்சு. கலா ஒரு நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருந்தா, அதையும் விட்டுட்டா, ரூம விட்டு வெளிய வரல. எங்கம்மா பாதியாப் போயிட்டாங்க. அந்த நேரத்துல ஜெயந்தி பஸ் ஏறி வந்து எங்கம்மா காலடியில உக்காந்து அழுதா. எந்தப் பாவி போட்டுக்குடுத்தானோ, அவன் நாக்கு அழுகிப்போகணும்னு சொன்னா. நான் பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன், அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்ததும் நான்தான்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. போனதுக்கு முந்துன கார்த்திகையில, மழை விட்டு வெயில் எட்டிப் பாத்த ஒரு வாரத்துல, ஜெயந்தி போன் பண்ணுனா. ஞாயித்துக்கெழம வாடி, மலைக்குப் போயிட்டு வருவோம், நாம மனசு விட்டுப் பேசி எத்தன நாளாச்சுன்னா. வேப்பந்தட்டையில நின்னு மேக்கால பாத்தா பச்சமலைதான் நிக்கும். அவ வூட்டுக்காரர் குடும்பத்துக்குச் சாமி மலை மேல இருக்கு, வருஷத்துக்கு ஒருக்கா கெடா வெட்டப் போவாங்க, அதனால அவளுக்குப் பாதை தெரியும். எனக்கும் சுகர் எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருந்துச்சு, நடக்கச் சொல்லியிருந்தாங்க, சரின்னுட்டேன். விடிஞ்சதும் பஸ் ஏறி பெரம்பலூர் போயி, அங்கேருந்து வேப்பந்தட்டை போனேன். பஸ் ஸ்டாண்டுலயே ஸ்கூட்டியோட நின்னுட்டிருந்தா. புளிசாதம் கட்டிக் கொண்டுவந்திருந்தா, எனக்குப் புடிக்குமேன்னு நெறைய வேர்க்கடல போட்டு.

அடிவாரத்துல ஒரு புளியமரத்தடியில ஸ்கூட்டிய நிறுத்திட்டு ஏறுனோம். மொதல்ல மக்காச்சோளக் கொல்ல, அப்புறம் மரவள்ளிக் கொல்ல, அதுக்கப்புறம் ஒத்தையடிப் பாதை, ரெண்டு பக்கமும் உன்னிச்செடி. மூச்சு வாங்க வாங்க ஏறி உச்சிக்குப் போயிட்டோம்னா அங்கேருந்து மலை முதுகுலயே நடந்து போகலாம். எனக்கு அந்த மாதிரி ஒரு எடம் இருக்குதுன்னே தெரியாதுங்க. கெழக்கால பாத்தா பெரம்பலூர்ப் பக்கம் மொத்தமும் தெரியுது, ஏரியெல்லாம் நெறஞ்சு கண்ணாடித் துண்டு மாதிரி கெடக்குது, மேக்கால பாத்தா காடு, பள்ளம், மறுபடி காடு. ஆள் நடமாட்டமே இல்ல. மயில் கத்துறத தவிர ஒரு சத்தமில்ல. காத்து மட்டும் மூங்கில்ல பூந்து பூந்து வருது. நான் சந்தோஷமா இருந்தேன், அத மறைக்க மாட்டேன். இவளாச்சும் இருக்காளே நமக்குன்னு நெனச்சேன்.

பாதி தூரத்துல ஒரு பெரிய பாறை, மேல தட்டையா இருந்துச்சு. அதுல உக்காந்து சாப்ட்டோம். கை கழுவி முடிச்சதும் ஜெயந்தி என் மூஞ்சியப் பாக்காம ஏரியப் பாத்துக்கிட்டே சொன்னா.

"சுமதி, கலா விஷயத்த மாப்ள வூட்டுல சொன்னது நான்தான்டி."

எனக்கு மொதல்ல அது காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. அவளே தொடர்ந்து பேசுனா, மாப்ளயோட அம்மாவ ரேஷன் கடையில பாத்தேன், உங்க ஊருப் பொண்ணுதானே, எப்படின்னு கேட்டுச்சு, எனக்குப் பொய் வரலடின்னு என்னென்னவோ சொன்னா. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அந்தம்மா வலிப்பப் பத்திக் கேட்டாங்களா, இல்ல நீயா சொன்னியா?"

அவ சாப்பாட்டு டப்பா மூடிய தொறந்து தொறந்து மூடிக்கிட்டிருந்தா. அதுதான் பதில். எங்கம்மா காலடியில உக்காந்து அவ அழுதது எனக்கு அப்ப கண்ணுல வந்துச்சு, நாக்கு அழுகிப்போகணும்னு சொன்னாளே, அவ நாக்கத்தானே சொல்லியிருக்கா. திட்டணும்னு வந்துச்சு. அடிக்கணும்னு கூட தோணுச்சு. அவள ஒண்ணும் பண்ணிடக் கூடாதுன்னுதான் எந்திரிச்சு, பைய மாட்டிக்கிட்டு, அவ கூப்புடக் கூப்புட திரும்பாம, பாதையில முன்னாடி நடந்து போயிட்டேன்.

எவ்வளவு தூரம் போனேன்னு தெரியாது. பாதை கொஞ்சம் கொஞ்சமா ஒடுங்கிட்டே போச்சு. பின்னாடி சருகு மிதிபடுற சத்தம் கேட்டுட்டே வந்துச்சு. ஜெயந்திதான் பின்னாடியே வர்றான்னு நெனச்சேன், வரட்டும், திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நடந்தேன். நான் நின்னா அதுவும் நிக்குது. ஒரு எடத்துல ரொம்பக் கிட்ட வந்துட்ட மாதிரி இருந்துச்சு, மூச்சுச் சத்தம் கூட கேட்டுச்சு, ஏறி வந்தா வாங்குமே அந்த மாதிரி மூச்சு. "என் பின்னாடி வராத, போயிரு"ன்னு கத்துனேன், அப்பவும் திரும்பல. அதுக்கப்புறம் சத்தம் நின்னுடுச்சு. திரும்பிப் போற காலடிய நான் கேக்கல, அத நான் அன்னிக்கு யோசிக்கவேயில்ல, இப்பதான் யோசிக்கிறேன்.

ஒரு மரத்தடியில உக்காந்து ஆசை தீர அழுதேன். வெயிலு உச்சியத் தாண்டிடுச்சு. அழுகை ஓஞ்சதும் ஒரு மாதிரி பயம் வந்துச்சு, பேய்ப்பயம் இல்ல, தனியா இருக்கோமேங்கிற பயம், பன்னி கின்னி வந்துட்டா என்ன பண்றது. சரி, அவளோட பேசத்தான் மாட்டேன், அவ வண்டியில இறங்கிப் போறதுக்கு என்னன்னு திரும்பி நடந்து அந்தப் பாறைக்கு வந்தேன்.

பாறையில யாருமில்ல.

ஜெயந்தின்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டேன். அப்ப கீழேருந்து பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பொம்பளைங்க பேசிட்டே எறங்குற சத்தம். பாறை ஓரமா போயி எட்டிப் பாத்தேன். கீழ, பாதை வளையுற எடத்துல, உன்னிச்செடிக்கு நடுவுல ஜெயந்தியோட பச்சத் துப்பட்டா தெரிஞ்சுது. அவ பக்கத்துல இன்னொரு பொம்பள நடந்து போகுது. அரக்குக் கலர்ல போட்டிருந்துச்சு. நானும் அன்னிக்கு அரக்குக் கலர் சுடிதார்தான் போட்டிருந்தேன், ஆனா அத அந்த நிமிஷம் பெருசா எடுத்துக்கல, மலையூர்ப் பொம்பள யாரோ சேந்துக்கிட்டாங்கன்னுதான் நெனச்சேன். ரெண்டும் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போகுதுங்க. எனக்கு வயிறெரிஞ்சுது. இப்படி ஒரு குண்டத் தூக்கிப் போட்டுட்டு, என்னை உச்சியில விட்டுட்டு, எவ கூடவோ சிரிச்சுக்கிட்டுப் போறாளேன்னு, இருக்குற சத்தத்தையெல்லாம் கூட்டி "ஏய் ஜெயந்தி"ன்னு கத்துனேன்.

ஜெயந்தி திரும்பல. அவளுக்குக் கேக்கவேயில்லங்கிற மாதிரி நடந்து போயிட்டே இருந்தா. பக்கத்துல போனது மட்டும் நின்னுச்சு. நின்னு, நிதானமா திரும்பி, மேல என்னைப் பாத்துச்சு. தூரம், மூஞ்சி தெரியல, நெழல் வேற. ஆனா பாத்துச்சு. நீங்க நம்புங்க, நம்பாம போங்க, என்னைத் தெரிஞ்சவங்க பாக்குற பார்வ அது, அத சொல்றதுக்கு மூஞ்சி தெரிய வேணாம். அப்புறம் ரெண்டு எட்டு வேகமா வச்சு ஜெயந்திகிட்ட போயி, அவ தோள்ல கையப் போட்டுக்கிட்டு, வளைவுல மறைஞ்சுடுச்சு.

நான் விழுந்து எழுந்து இறங்கினேன். வழியில ரெண்டு எடத்துல சறுக்கி முழங்கை செராய்ச்சுப் போச்சு. அடிவாரத்துக்கு வந்து பாத்தா புளியமரத்தடியில ஸ்கூட்டிய காணோம். டயர் தடம் மட்டும் ஈர மண்ணுல இருக்கு. விட்டுட்டே போயிட்டா. மேல டவர் இல்ல, அங்க வந்ததும் போன்ல ஒரு கோடு வந்துச்சு. உடனே போட்டேன். மொத ரிங்லயே எடுத்துட்டா. கொரல் அவ்வளவு லேசா இருந்துச்சு, ரொம்ப நாள் காய்ச்சல் விட்டவ மாதிரி.

"என்னடி, சீட்டு கெடச்சுதா? கூட்டமா இருந்துச்சே."

எனக்குப் புரியல. "என்னடி சீட்டு? என்னை மலையில விட்டுட்டு எங்க போன நீ? வெளையாடுறியா?"

"என்ன மலையில? இப்பதானடி உன்ன பஸ் ஏத்தி விட்டேன். நான் இன்னும் வூடு கூட போயிச் சேரல."

நான் வாய்க்கு வந்ததெல்லாம் திட்டுனேன். கடைசில, "அங்கயே இரு, அவர அனுப்புறேன்"னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டா.

அவ வூட்டுக்காரர் பைக்குல வந்தாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல உரக்கடை வச்சிருக்காரு, அதிகம் பேசாத மனுஷன், நான் அண்ணேன்னுதான் கூப்புடுவேன். தூரத்துலயே வண்டிய நிறுத்திட்டாரு. கிட்ட வராம அங்கேருந்தே கொஞ்ச நேரம் என்னையப் பாத்தாரு, என் காலப் பாத்தாரு, அத நான் கவனிச்சேன். அப்புறந்தான் வந்தாரு. ஊரு கிட்ட வந்ததும் வண்டிய ஓரங்கட்டிட்டுக் கேட்டாரு.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. கொஞ்சம் முன்னாடி கடைக்கு வந்து, போயிட்டு வரேண்ணேன்னு சொல்லிட்டுப் போனது நீ இல்லையா?"

இல்லண்ணேன்னேன். அவரு தலையாட்டிட்டு வண்டிய எடுத்தாரு. வண்டி ஒரு பக்கமா அலஞ்சுது.

புருஷன் பொண்டாட்டி சேந்து நாடகம் போடுறாங்கன்னுதான் நான் நெனச்சேன். அவ பயந்துபோயி என்னை விட்டுட்டு ஓடி வந்துட்டா, இப்ப அத மூடி மறைக்க இப்படி ஒரு கதைன்னு. அந்தக் கோவத்தோடதான் அவ வூட்டுக்குள்ள போனேன். ஜெயந்தி நாற்காலியில உக்காந்திருந்தா. என்னப் பாத்ததும் எந்திரிச்சு வந்து, என் முழங்கைய தொட்டா. செராய்ச்ச எடத்துல ரத்தம் காஞ்சிருந்துச்சு. தொட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. நாடகம் போடுறவளுக்கு உதடு அப்படி வெளுக்காதுங்க, நான் தெனம் ஊசி குத்துறவ, பயந்தவ உதடு எனக்குத் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமா சொன்னா. நான் எந்திரிச்சுப் போனதும் பாறையிலயே உக்காந்து அழுதுக்கிட்டிருந்தாளாம். கொஞ்ச நேரத்துல நான் திரும்பி வந்தேனாம். பின்னாடி வந்து முதுகத் தடவி, சரி விடு, எந்திரி, எறங்குவோம்னேனாம். எறங்குற வழியெல்லாம் அவ பேசப் பேச நான் கேட்டுக்கிட்டே வந்தேனாம், அப்புறம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் எடுத்து அவளச் சிரிக்க வச்சேனாம்.

"நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்டி, கலாகிட்டயும் நானே சொல்லிக்கிறேன், நீ பயப்படாதன்னு சொன்னியேடி. கண்ணத் தொடச்சு விட்டியே."

"நான் சொல்லல"ன்னேன்.

"அப்ப நீ என்னை மன்னிக்கலயா?"

"இல்ல."

எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. ஏன் சொன்ன, எங்க மேல உனக்கு அப்படி என்னன்னு கேட்டேன். அவ கையெடுத்துக் கும்புட்டா. எல்லாத்தயும் வழியில உன்கிட்ட சொல்லிட்டேனேடி, இன்னொரு தடவ சொல்ல எனக்குத் தெம்பில்லன்னா. எவ்வளவு கேட்டும் சொல்லல. இன்னிய வரைக்கும் அவ ஏன் அப்படிப் பண்ணுனான்னு எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சது எதுவோ, அது என் மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போயிடுச்சு.

அங்கேருந்து எப்படி அரியலூர் வந்தேன்னு எனக்கு ஞாபகமில்ல. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன், அது மட்டும் ஞாபகம். வூட்டுக்காரர்கிட்ட கால் வலின்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். மறுநாள் லீவு சொல்லிட்டு மொத பஸ்ஸுல ஜெயங்கொண்டம் போனேன். கலாகிட்டயும் அம்மாகிட்டயும் நான் நேர்ல சொல்லணும், ஜெயந்தி இன்னாருன்னு, அவள இனிமே வூட்டுப் படி ஏத்தக்கூடாதுன்னு. அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு.

கதவத் தொறந்தது கலா. தலைக்குக் குளிச்சிட்டு, பொட்டு வச்சுக்கிட்டு நின்னா. ரெண்டு வருஷமா அவள அப்படி நான் பாக்கல.

"என்னக்கா, நேத்து சாயங்காலம்தானே வந்துட்டுப் போன, ஏதாச்சும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

நான் உள்ள போயி என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் கொஞ்சமா அவ வாயாலயே வாங்குனேன். அம்மா முந்தின நாள் ஒரு சாவுக் கேதத்துக்கு உடையார்பாளையம் போயிட்டு லேட்டாத்தான் வந்திருக்காங்க, அதனால பாத்தது கலா ஒருத்திதான். வெளக்கு வைக்கிற நேரத்துல நான் வந்தேனாம். ஜெயந்திதான் சொன்னான்னு சொன்னேனாம். கலா கத்தி அழுதாளாம், நான் அவ தலைய மடியில வச்சுக்கிட்டு, அழுது முடிக்கிற வரைக்கும் ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தேனாம். அப்புறம் ரெண்டு பேரும் தோச சுட்டுச் சாப்ட்டோமாம்.

"இத்தன நாளா நீ ஏன்க்கா இப்படி வந்து உக்காரல? வர்றப்பல்லாம் தரகர் பேச்சும் மாப்ள பேச்சுமாத்தானே பேசுவ. நேத்து நீ ஒண்ணும் சொல்லாம கூட இருந்தது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அந்த மூஞ்சியப் பாத்துட்டு, நேத்து வந்தது நான் இல்லடின்னு எப்படிங்க சொல்றது. வாயில வந்துச்சு. முழுங்கிட்டேன். ஜெயந்திய ஊருக்குள்ள இழுத்து வச்சுக் கேக்கணும்னு ஆரம்பிச்சேன், கலா ஒரு மாதிரி என்னையப் பாத்தா. நீதானக்கா விட்டுருன்னு சொன்ன, ராத்திரியோட மாறிட்டியான்னா.

நான் விடலிங்க, சும்மா இருக்கல. எனக்கே ஏதோ ஆயிடுச்சோன்னு என் ரத்தத்த நானே எடுத்து டெஸ்ட் பண்ணுனேன், புதுசா ஒண்ணுமில்ல. சுகர் கொறஞ்சு மயங்கி, நானே எறங்கிப் போயி, பஸ் ஏறி, கலாவப் பாத்துட்டு எல்லாத்தயும் மறந்துட்டேனோன்னு கூட யோசிச்சேன், அந்த மாதிரி கேஸ் உண்டுன்னு எங்க டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா அப்படின்னா அடிவாரத்துல நின்னு போன் பண்ணுனது யாரு? ஜெயந்தி வூட்டுக்காரர் பைக்குல ஏத்திட்டு வந்தது யாரை? அந்த மனுஷன் இன்னிக்கும் என்னை எங்கயாச்சும் பாத்தா மொதல்ல என் காலத்தான் பாக்குறாரு.

அதுக்கப்புறம் ஜெயந்தியும் கலாவும் போன்ல பேசிக்க ஆரம்பிச்சாங்க. கலா மறுபடி ஸ்கூலுக்குப் போறா. ஜெயந்தி மகளுக்குக் காது குத்துனப்ப கலாவும் அம்மாவும் சீர்த்தட்டு எடுத்துட்டுப் போயி, கறிசோறு சாப்ட்டுட்டு வந்திருக்காங்க, எனக்குப் பத்திரிக்க வந்துச்சு, நான் போகல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. எங்க வூட்டுக்கு நடந்த துரோகத்த எல்லாரும் சேந்து மன்னிச்சு முடிச்சிட்டாங்க, நான் மட்டும் இன்னும் அந்தப் பாறையிலயே நிக்கிறேன். யாரும் என்னை ஒரு வார்த்த கேக்கல, ஏன்னா அவங்க கணக்குல நான் மொதல்லயே சொல்லிட்டேன். மனசு வெறுத்துப்போயி ஜெயங்கொண்டம் போறத கொறச்சேன், அப்புறம் நிறுத்தியேபுட்டேன். கடைசியா அந்த வூட்டுக்குப் போனது ஆடியில. இப்ப தை பொறந்துடுச்சு. எதுவா இருந்தாலும் போன்தான்.

போன வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் விஷயமா கலாகிட்ட பேசிட்டிருந்தேன். அவ ஏதோ சொல்ல, நான் ஏதோ சொல்ல, பேச்சு ஜெயந்திகிட்ட போயி நின்னுச்சு, நான் வெடுக்குன்னு ஒரு வார்த்த விட்டுட்டேன். கலா கோச்சுக்கல. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி மெதுவாச் சொன்னா.

"நேர்ல வர்றப்பல்லாம் நல்லாத்தான்க்கா பேசுற. போன்லதான் நீ இப்படி."

எப்ப வந்தேன், எத்தன தடவ வந்தேன், அம்மாவும் பாத்தாங்களான்னு கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கல. அந்தப் பக்கம் அடுப்படியில யாரோ தோசக்கரண்டியால கல்ல சொரண்டுற சத்தம் கேட்டுச்சு. அம்மாவா இருக்கும். சரிடி, வச்சிடுறேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.